பவுண்டரிக்கு வெளியே ஒரு குரல்

வாரத்தில் ஆறு நாள் திருமுடிவாக்கத்தை ஆள்வது சிட்கோ தொழிற்பேட்டையின் இரைச்சல். லேத், மில்லிங், பிரஸ் என்று வரிசை வரிசையாகச் சிறு பட்டறைகள். ஞாயிற்றுக்கிழமை அந்த இரைச்சல் அடங்கியதும் வேறொரு சத்தம் எழும். குன்றத்தூர் போகும் வழியிலும், வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை ஒட்டியும், இன்னும் வீடு எழும்பாத மனைகளிலும், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மைதானங்களிலும் காலை ஏழு மணிக்கே டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் தொடங்கிவிடும். பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே ஒரு ஷாமியானா. அதன் கீழே ஒரு மேசை, ஸ்கோர் நோட்டு, ஆம்ப்ளிஃபயர், மைக். அந்த மைக்கைப் பிடித்திருப்பவரைத் தேடித்தான் இந்தக் கட்டுரை போகிறது.

அவருக்கு வேலை ஓயாது. டாஸுக்குக் கேப்டன்களை அழைக்க வேண்டும். வராத அணிக்கு முதல் அழைப்பு, இரண்டாம் அழைப்பு, மூன்றாவதும் இறுதியுமான அழைப்பு. பரிசுத் தொகை தந்த கடைக்காரரின் பெயரைப் பத்து பந்துக்கு ஒருமுறை சொல்லியாக வேண்டும். கீழே கிடந்த பைக் சாவிக்கு உரியவரைத் தேட வேண்டும். பைக்கை ஆடுகளத்துக்குள் நிறுத்தியவரை அதட்ட வேண்டும். நடுநடுவே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து வரும். அனுபவம் உள்ளவர் அந்தச் சில நொடிகள் பேச்சை நிறுத்துவார். புதியவர் விமானத்தோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். இத்தனைக்கும் நடுவில் மைதானத்தில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். யார் போட்டார், யார் அடித்தார், யார் பிடித்தார்.

இந்த ‘யார்’தான் விஷயம் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்க ஷிப்ட் நோட்டில் ஒரு டோக்கன் எண்ணாக இருக்கிற இளைஞன், ஞாயிறன்று தன் பெயரை முழுசாக, சத்தமாக, நூறு பேர் நடுவில் கேட்கிறான். “பந்து வீச வருகிறார்...” என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி, மைக் அவன் பெயரை உச்சரிக்கிறது. அவன் நடையே மாறுகிறது. இதைச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. வெளியே சொல்லத்தான் அவர்களுக்குக் கூச்சம்.

பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்று பள்ளியில் கேட்டால் டாக்டர், கலெக்டர், போலீஸ், இப்போது யூடியூபர் என்றுகூட எழுதுவார்கள். ‘மைதானத்தில் மைக் பிடிப்பேன்’ என்று எழுதும் பிள்ளை அபூர்வம். ஆனால் தெருவில் தனியாகச் சுவரில் பந்தடித்து விளையாடும் பையனைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். பந்து வீசுகிறவன், அடிக்கிறவன், அம்பயர் எல்லாம் அவன்தான், வர்ணனையும் அவன்தான். அதற்கும் மேலே, தொண்டையைத் திறந்து காற்றை விட்டு, சேப்பாக்கத்துக் கூட்டத்தின் ஆரவாரத்தையும் அவனே எழுப்பிக்கொள்வான். கடைசிப் பந்தில் அவன் ஊர்தான் ஜெயிக்கும்.

அப்படி ஆரவாரத்தில் மயங்கிய ஒரு சிறுவன் 1930களில் நியூயார்க்கில் இருந்தான். வீட்டுப் பெரிய ரேடியோவுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பந்தாட்ட ஒலிபரப்பில் கூட்டத்தின் இரைச்சல் தன் மேல் வந்து இறங்குவதைக் கேட்பானாம். எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில், விளையாட்டு அறிவிப்பாளர் ஆவேன் என்று எழுதினான். பெயர் வின் ஸ்கல்லி. பேஸ்பால் உலகில் டாட்ஜர்ஸ் அணியின் குரலாக 1950இல் தொடங்கி 2016 வரை 67 பருவங்கள் பேசினார். 2022இல் 94 வயதில் மறைந்தார். அந்த நாட்டில் அது குழந்தைகள் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய கனவு. நம் ஊரில் அந்த ஆசையை வெளியே சொல்லவே கூச்சம்.

தமிழ்க் காதுக்குக் கிரிக்கெட் வந்த வழியும் சுற்று வழிதான். சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது 1934 பிப்ரவரியில். அப்போது சென்னையில் அகில இந்திய வானொலி நிலையமே இல்லை. அது 1938 ஜூனில்தான் தொடங்கியது. பம்பாயில் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் 1934லேயே தனி ஆளாக மைக் பிடித்து ஆட்டத்தை வர்ணித்துவிட்டார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வர்ணனை என்றால் ஆங்கிலம், கொஞ்சம் தள்ளி இந்தி. நம்மவர் குரல் அந்த ஆங்கிலத்துக்குள் இருந்தது. 1954–55இல் மதராஸ் அணி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது கேப்டனாக இருந்த பாலு அளகனன், பின்னாளில் வானொலியில் ஆங்கில வர்ணனையாளராகப் பெயர் பெற்றார். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு வாக்கியம் புரியாது. எண்கள் புரியும், குரல் ஏறி இறங்குவது புரியும். அதை வைத்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

1980இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஆடிய ரஞ்சி ஆட்டத்தில் அந்த நிலை மாறியது. சென்னை வானொலிக்காகத் தமிழில் நேர்முக வர்ணனை செய்தவர்களில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் பலர் நினைவில் நிற்பது. வானொலி நாடகத்திலும் பழகிய குரல் அது. எந்தச் சொல்லில் அழுத்தம் வைப்பது, எங்கே மூச்சை இழுத்துக்கொள்வது என்பது நாடக மைக் முன்னால் கற்ற பாடம். கிரிக்கெட்டுக்கு அவர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் பலர் அவரை நேரில் பார்த்திராதவர்கள். பொங்கல் விடுமுறையில் ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு நடந்த பையன்கள், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்ட பையன்கள். திருமுடிவாக்கத்து ஷாமியானாவில் ‘நேயர்களே’ என்று தொடங்கும் ஆள் இன்றும் இருந்தால், அவர் எங்கிருந்து அதைப் பிடித்தார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வானொலி வர்ணனையாளர் பார்க்க முடியாதவருக்குக் காட்டுகிறார். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்த டெஸ்ட் சமனில் முடிந்த நாளை நினைத்துப் பாருங்கள். 348 இலக்கு, 347இல் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. கடைசி ஓவரில் ஒரு பந்து பாக்கி. மறுமுனையில் ரவி சாஸ்திரி நின்றுகொண்டே இருக்கிறார். அம்பயர் விரல் உயர்ந்ததை வானொலி கேட்பவருக்குச் சொல்ல ஒரு நொடிதான் கிடைக்கும். அந்த நொடியில் பிழையில்லாமல் சொல்ல வேண்டும்: அவுட், ஆனால் தோல்வியில்லை, வெற்றியுமில்லை. மைதான அறிவிப்பாளருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எதிரே இருப்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்குப் பெயரையும் கணக்கையும் தருவதுதான் இவர் வேலை. கூடவே ஒரு மரியாதையையும். பார்த்ததையே திரும்பச் சொன்னால் அலுப்புத் தட்டும். ஷாமியானாக்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: வானொலியில் கேட்டதை, இப்போது டி.வி.யில் கேட்பதை, அப்படியே மைதானத்தில் கொட்டுகிறார்கள்.

மைதான மைக்கின் இலக்கணத்தைத் தன் வாழ்க்கையால் எழுதியவர் பாப் ஷெப்பர்ட். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் 1951 ஏப்ரலில் தொடங்கி 2007 வரை அறிவித்தார். தொழிலால் பேச்சுக்கலை ஆசிரியர். தெளிவாக, சுருக்கமாக, பிழையின்றி என்று மூன்றே விதிகளை வைத்துக்கொண்டார்; கத்தியதில்லை. ரெஜ்ஜி ஜாக்சன் என்ற ஆட்டக்காரர் அதைக் கடவுளின் குரல் என்றார். என்னை ஈர்த்தது வேறொரு பழக்கம். புது ஆட்டக்காரர் யாராவது வந்தால் ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் போய், உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஷெப்பர்ட் கேட்டுக்கொள்வார். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நட்சத்திரமா, ஒரு வாரம் ஆடிவிட்டுப் போகிறவரா என்று பார்க்கமாட்டார். டெரக் ஜீட்டர் என்ற ஆட்டக்காரர் தன் பெயரை அறிவிக்க ஷெப்பர்டின் குரல்தான் வேண்டும் என்று பதிவு செய்து வைத்துக்கொண்டார். ஷெப்பர்ட் 2010இல் 99 வயதில் இறந்த பிறகும், ஜீட்டர் 2014இல் ஓய்வுபெறும் வரை அந்தப் பதிவு மைதானத்தில் ஒலித்தது.

திருமுடிவாக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். இங்கே பட்டறை அணிகளில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மைக்கில் அவர்கள் பெரும்பாலும் ‘அந்த இந்திக்காரத் தம்பி’தான். ஒரு நிமிடம் செலவழித்து, “தம்பி, உன் பேரு என்னப்பா? இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த ஓவரில் அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பார்க்கலாம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து எழும் ஒருவனுக்கு இந்த ஊர் இலவசமாகத் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. நான் இதை மிகையாகச் சொல்லவில்லை.

பெயர் சொல்லும் கலை தமிழ்நாட்டில் வேறொரு களத்திலும் உயிரோடு இருக்கிறது: ஜல்லிக்கட்டின் வாடிவாசல். தைப் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். காளை வெளியே பாயும் முன்பே ஒலிபெருக்கி அதன் ஊரையும் உரிமையாளரையும் அறிவித்துவிடும். அதற்குள் பரிசு அடுக்கு: அண்டா, சைக்கிள், பீரோ, தங்கக்காசு. பிடிபட்டதா, பிடிபடவில்லையா என்று சில விநாடிகளில் மைக் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குள் அடுத்த காளை வந்துவிடும். இவ்வளவு வேகத்தில், இவ்வளவு கூட்டத்தில், ஒரு பெயரும் விட்டுப்போகாமல் நாள் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு நிகராக எந்த நாட்டு அறிவிப்பாளரையும் என்னால் சொல்ல முடியவில்லை. காளை அவிழ்க்கும்போது சாதிப் பெயர் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு அண்மை ஆண்டுகளில் வந்தது. மிகச் சரி. பெயரால் ஒருவரை உயர்த்த முடியும் என்றால் அதே பெயரால் கூட்டத்தைப் பிளக்கவும் முடியும். மைக்கைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஒலியின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45தான் எல்லை. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. ஆனாலும் மின்னொளி கபடிப் போட்டிகளில் நள்ளிரவு தாண்டியும் மைக் அலறுவதைப் புறநகர்வாசிகள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும், இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவர் இருப்பார். பாக்ஸ் ஸ்பீக்கரைத் தரைநோக்கிச் சாய்த்து வைத்து, வாயை மைக்கிலிருந்து நாலு விரல்கடை தள்ளிப் பேசினாலே பாதி இரைச்சல் குறையும், சொல்லும் தெளியும்.

நிறுத்தத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு பெரிய பாடம். 1974 ஏப்ரல் 8 அன்று பேஸ்பால் ஆட்டக்காரர் ஹாங்க் ஏரன் தன் 715ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டினார். அதை அறிவித்த வின் ஸ்கல்லி உடனே வாயை மூடிக்கொண்டார். கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் ஒலிபரப்பானது. ரேடியோவுக்கு அடியில் படுத்துக் கேட்ட பையன், தான் கேட்டு மயங்கியதையே தன் நேயர்களுக்குக் கொடுத்தார். அவருடைய குருவான ரெட் பார்பர் தன் மேசையில் முட்டை வேகவைக்கப் பயன்படும் மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்வார், திருப்பி வைப்பார். இப்போதுதான் கேட்க வந்தவருக்கும் கணக்குத் தெரிய வேண்டும் என்ற அக்கறை அது. நம் டோர்னமென்ட்களில் பாட்டு போடுவார்கள், விளம்பரம் சொல்வார்கள். எத்தனை ஓவரில் எத்தனை ரன் என்று பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கேட்டுக் கேட்டே இந்தத் தொழிலுக்கு வந்தவரும் உண்டு. ஜிம்பாப்வேயின் டீன் டு பிளெஸ்ஸி பிறவியிலேயே பார்வையில்லாதவர். பள்ளி விடுதியில் வானொலியில் கிரிக்கெட் கேட்டுக் கேட்டே அதில் ஊறியவர். 2000களின் தொடக்கத்தில் சர்வதேச ஆட்டங்களுக்கே வர்ணனை செய்யத் தொடங்கினார். ஸ்டம்ப் மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கேட்டு, ஓடி வரும் காலடியை வைத்து யார் பந்து வீசுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்து அடி எப்படிப்பட்டது என்று சொல்வார். கனவு எங்கே நிறைவேறும், எங்கே நிறைவேறாது என்று மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இவரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, திருமுடிவாக்கத்துப் பிள்ளைக்குக் கதவு எங்கே இருக்கிறது? ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் 2017இல் வந்தது. 2023இல் ஐ.பி.எல்.லை ஜியோசினிமா 12 மொழிகளில் ஒளிபரப்பியது. தமிழ் வர்ணனைக்கு முன்பு இல்லாத சந்தை இப்போது இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர்கள்தான்: ஸ்ரீகாந்த், பத்ரிநாத், பாலாஜி, அபினவ் முகுந்த். ஆடாமலே உள்ளே போனவர்களைக் கவனித்தால் வழி தெரியும். ஆர்.ஜே. பாலாஜி பண்பலை வானொலியிலிருந்து வந்தவர், பாவனா தொலைக்காட்சித் தொகுப்பிலிருந்து வந்தவர். இந்திய அணிக்கு ஆடாத ஹர்ஷா போக்ளே பத்தொன்பது வயதில் ஹைதராபாத் வானொலி மைக் முன்னால் உட்கார்ந்தவர். பெரிய மைக்குக்கு முன்னால் எல்லோரும் ஒரு சின்ன மைக்கைப் பிடித்திருக்கிறார்கள்.

சின்ன மைக் இந்தப் பக்கத்தில் கிடைக்காமல் இல்லை. அகில இந்திய வானொலி தற்காலிக அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு வைக்கிறது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். நடத்தும் முத்துச்சரம் சமுதாய வானொலி இருக்கிறது. உள்ளூர் ஆட்டங்களைச் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள். பார்ப்பவர் இருபது பேராக இருக்கலாம், ஆனால் சொன்னது பதிவாகி இருக்கும். ஒரு வாரம் கழித்துத் தன் குரலைத் தானே கேட்பதைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. எங்கே மூச்சு வாங்கினோம், எந்தப் பெயரைக் கொன்றோம், ‘அருமையான’ என்பதை எத்தனை தடவை சொன்னோம் என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

வீட்டில் கேட்பார்கள், இதில் சோறு கிடைக்குமா என்று. நியாயமான கேள்வி. லேத்தில் நின்று பிள்ளையைப் படிக்கவைக்கும் அப்பா கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஷெப்பர்ட்கூட ஆசிரியர் வேலையை விடவில்லை. ஆனால் காசே கிடைக்காமல் இருப்பதற்கு டோர்னமென்ட் கமிட்டிகளும் பொறுப்பு. பந்துக்கு, அம்பயருக்கு, கோப்பைக்கு, பேனருக்கு, பிரியாணிக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எட்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து பேசியவருக்குப் பல இடங்களில் சாப்பாடும் பெட்ரோல் காசும்தான். மைக் செட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் பாதியாவது மைக் பிடிப்பவருக்குக் கொடுக்கலாமே.

தேர்வு வைத்துக்கூட ஆள் எடுக்கலாம். 1993இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி தன் மைதானத்தில் திறந்த குரல் தேர்வு நடத்தியது. ஐந்நூறு பேர் அளவில் வந்தார்கள். தேர்வானவர் ஷெர்ரி டேவிஸ், ஒரு வழக்கறிஞர் அலுவலகச் செயலாளர். முதன்மை லீக் பேஸ்பாலில் முழுநேர மைதான அறிவிப்பாளரான முதல் பெண். 2016 முதல் நடக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) அப்படி ஒரு தேர்வை நடத்தினால் திண்டுக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் எத்தனை குரல்கள் கிளம்பி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். நம் அரசுப் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் குறளும் செய்தியும் வாசிக்கும் பிள்ளைகளில் பலர் பெண் குழந்தைகள். விளையாட்டு விழாவில் பரிசுப் பட்டியலை ஒரு பெயர் பிசகாமல் படிப்பதும் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஷாமியானாவுக்குக் கீழே அவர்களில் ஒருத்தியையும் காணோம். அடுத்த டோர்னமென்டுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் கமிட்டிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்த் தலைமையாசிரியரைப் பார்க்கலாம். முதல் இரண்டு ஆட்டத்துக்கு மைக்கை அவர்களில் ஒருத்தியிடம் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே அவளுடைய அம்மா அப்பா உட்கார இரண்டு நாற்காலியும் போட்டு வைக்க வேண்டும்.